மூச்சைப் பிடித்த மேகம்

மேகம் நாறும் என்று நான் சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஆனால் வாயை அகலத் திறக்காமல் சிரியுங்கள், ஏனென்றால் எங்கள் ஒத்தவேலம்பட்டியில் அண்ணாந்து வாயைத் திறந்து நின்றவர்களின் வாய்க்குள் என்ன வந்து விழுந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன், சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் இலையை மடித்துவிட்டு வாருங்கள்.

எங்கள் ஊரைச் சுற்றி நாலு பக்கமும் கரிசல். மரமென்று கேட்டால் ஊர்ப் பெயரில் இருக்கிற அந்த ஒற்றை வேலமரம், மலையென்று கேட்டால் கொம்பையா வீட்டுக் குப்பைமேடு, மற்றபடி கண்ணை மறிக்க ஒன்றும் கிடையாது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்டால் கணுக்காலைத்தான் காட்டுவோம். மற்ற ஊர்களில் மழை பெய்த பிறகு விதைப்பார்கள். நாங்கள் புரட்டாசியில் வெறும் புழுதியிலே விதையைப் போட்டு மூடிவிட்டு, போட்டாச்சு, இனி உன்பாடு என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்த வருஷம் குருவம்மாளும் அப்படித்தான் விதைத்திருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்து ரெண்டாம் வருஷம். தானியக் குலுக்கையை வழித்துத் துடைத்து எடுத்த இருங்குச்சோளம் முழுவதையும் புழுதிக்குள் போட்டிருந்தாள். அது முளைத்தால் அவளும் மகளும் ஊரில் இருப்பார்கள், முளைக்காவிட்டால் நிலத்தைக் கொம்பையாவிடம் கொடுத்துவிட்டுத் திருப்பூருக்குப் பஸ் ஏறுவார்கள். கொம்பையா டீக்கடைக்காரன், ஊர்த்தலைவன், ரெண்டும் ஒரே பெஞ்சில் நடக்கும். அவள் நிலத்தின் மேல் அவனுக்கு எப்போதும் ஒரு கண் உண்டு, மற்ற கண்ணில் பூ விழுந்திருந்தது.

ஐப்பசி பிறந்து ஒரு சாயங்காலம் வடகிழக்கு மூலையிலிருந்து அந்த மேகம் கிளம்பியது. ரைஸ்மில் சாம்பல் மூட்டைகளையெல்லாம் யாரோ மேலே கொண்டுபோய்க் கிழித்துக் கவிழ்த்தமாதிரி, அடுக்குக்கு மேல் அடுக்காக, மடிப்புக்குள் மடிப்பாக, நடுவில் ஒரு தொந்தியும் தொந்திக்கு மேல் ஒரு கழுத்தும் கழுத்துக்கு மேல் விரித்த கொண்டையுமாக வந்து ஊருக்கு மேலே நின்றது. மேற்கே விழுந்துகொண்டிருந்த சூரியன் போகிற போக்கில் அதன் அடிவயிற்றைத் தடவிவிட, கொல்லன் பட்டறை இரும்பு மாதிரி வயிறு முழுக்கச் சிவந்துபோனது. ஊரே கரிசல்காட்டுக்கு ஓடிவந்து வரப்பில் நின்றது. முதல் துளிக்கு உள்ளங்கையை நீட்டிக்கொண்டு முன்னால் நின்றவள் குருவம்மாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பால்வண்ணம் மொபெட்டில் வந்து சேர்ந்தான்.

பால்வண்ணத்தைத் தெரியாதவர்கள் எங்கள் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. டவுனில் 'வண்ணம் ஸ்டூடியோ' அவனுடையது. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கருமாதி எல்லாவற்றுக்கும் அவன்தான் படம் பிடிப்பான். எடுக்கும்போது வாய் ஒரு பாட்டம் பாடும். "தாடைய லேசா இறக்குங்க... இடது தோள் முன்னால... சிரிச்ச முகமா... மூச்சப் பிடிச்சுக்கங்க... ஆடாதீங்க..." பொத்தானை அமுக்குவான், அமுக்கிய கையோடு, "ஆச்சு, மூச்சு விடலாம்" என்பான். அந்த 'ஆச்சு' வருகிற வரைக்கும் கைப்பிள்ளைகூட மூச்சு விடாது. குருவம்மாள் புருஷனைப் பாடையில் சாத்தி வைத்துப் படம் எடுத்தபோதும் பழக்கதோஷத்தில், "மூச்சப் பிடிச்சுக்கங்க" என்றான், பிணம் சொன்னபடி கேட்டது, எடுத்து முடித்து, "ஆச்சு" என்றான், அதைத்தான் கேட்கவில்லை.

அன்றைக்கு ஏதோ வளைகாப்பை முடித்துவிட்டு வந்துகொண்டிருந்தவன், மேகத்தைப் பார்த்ததும் வண்டியை வரப்பில் சாய்த்துப் போட்டான். மூன்றுகால் ஸ்டாண்டை விரித்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டான். வாய் பாட ஆரம்பித்தது.

"தாடைய லேசா இறக்குங்க..."

மேகத்தின் முன்பக்கத் தொங்கல் ஒன்று கீழே இறங்கியது.

"இடது தோள் முன்னால..."

தெற்கே கிடந்த ஒரு பெரிய மடிப்பு புரண்டு முன்னால் வந்தது.

"மூச்சப் பிடிச்சுக்கங்க... ஆடாதீங்க..."

காற்று நின்றது. இடி பாதித் தொண்டையில் நின்றது. பறந்துகொண்டிருந்த கொக்குகள்கூட, நம்மைச் சொல்லவில்லை என்று தெரிந்தும், ஒரு மரியாதைக்கு நின்றுவிட்டுப் போயின. பால்வண்ணம் பொத்தானை அமுக்கினான், அமுக்கிவிட்டுப் பின்னால் இருக்கிற சின்னத் திரையைப் பார்த்தான், பார்த்தவன் வாய் பிளந்தது. வழக்கமாக 'ஆச்சு' வரவேண்டிய அந்த இடத்தில், "அடேங்கப்பா!" என்று வந்தது. அதோடு ஸ்டாண்டை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு, இதை இப்போதே ஊருக்குக் காட்ட வேண்டும் என்று டவுனைப் பார்த்து வண்டியை விரட்டிவிட்டான்.

மேகம் மூச்சைப் பிடித்தபடி நின்றது.

மறுநாளும் நின்றது, அதற்கு மறுநாளும் நின்றது. அதன் வயிற்றில் ஒட்டிய அஸ்தமனச் சிவப்பும் அப்படியே நின்றது. எங்கள் ஊர் எதற்கும் திடுக்கிட்டுப் பழக்கமில்லாத ஊர்; எப்போதும் சாயங்காலமாக இருந்தால் எப்படி இருப்பது என்று ரெண்டொரு நாளில் கற்றுக்கொண்டோம். கோழிகள் பகல் பன்னிரண்டுக்கே கூட்டில் அடைந்தன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முதல் மணி அடித்ததுமே, "பொழுது சாஞ்சிட்டு சார்" என்று பையைத் தூக்கின, சாரும் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, ஆமாம் என்று சைக்கிளை எடுத்தார். பொழுது சாய்ந்த பிறகுதான் குடிப்பேன் என்று பெண்டாட்டி தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்த ஆட்கள் விடிந்ததிலிருந்து குடித்தார்கள், சத்தியத்துக்கு ஒரு குறையும் வரவில்லை.

பால்வண்ணத்தின் படம் போனுக்குப் போன் பாய்ந்து எங்கெங்கோ போனது. எந்தப் போட்டியிலோ பரிசு வாங்கியது. டவுன் முக்கில் அவனுக்கு 'மேகச் சக்கரவர்த்தி' என்று ஃபிளெக்ஸ் வைத்தார்கள், அதில் மேகத்தைவிட அவன் பெரிதாக இருந்தான். பிறகு கார்கள் வந்தன. கல்யாணம் நிச்சயமான ஜோடிகள், நிச்சயமாகாத ஜோடிகள், ஜோடியே இல்லாமல் தன்னைத்தானே எடுத்துக்கொள்கிறவர்கள் என்று தினமும் வந்து இறங்கினார்கள். விதைத்த நிலமென்று பார்க்காமல் மிதித்தார்கள். கொம்பையா டீக்கடையை வரப்புக்கு மாற்றினான், பெஞ்சு போட்டான், மசாலாப்பொரி போட்டான், சொந்த ஆட்டுக்குட்டிகளைக் குளிப்பாட்டி, தூக்கிவைத்துப் படம் எடுக்க வாடகைக்கு விட்டான். ஊரில் ஆளுக்கொரு பிழைப்புக் கிடைத்தது. விதை புழுதிக்குள் கிடந்தது, ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. குருவம்மாள் மட்டும் தினமும் போய் ஒரு விரல் ஆழம் தோண்டி, ஒரு மணியை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்துவிட்டு வருவாள். இன்னும் கெட்டியாக இருந்தது. ஆனால் எறும்பு வரிசை அவள் நிலத்தின் பக்கம் திரும்பிவிட்டது.

இனிமேல்தான் நாற்றம்.

மூச்சை அடக்கிக்கொண்டு ஒருத்தன் எத்தனை நாள் இருப்பான், வயிற்றுக்குள் என்னென்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள், வேண்டாம், யோசிக்காதீர்கள், நானே சொல்கிறேன். முதலில் நனைந்த சாக்கு வாடை வந்தது. பிறகு மறந்துபோய் மூடி வைத்த சோற்றுப்பானை வாடை. பிறகு தென்னைமட்டை ஊறுகிற குட்டை, அதற்குப் பிறகு அடைகாத்துக் கூமுட்டையாய்ப் போனது, அதற்குப் பிறகு எங்கள் பாஷையில் சொல்லில்லை, மூக்கைப் பிடித்துக்கொண்டு கையை மட்டும் மேலே காட்டினோம். தொந்தியில் பாசி பிடித்தது. மடிப்புகளின் இடுக்கில், ஊறுகாய் மேல் படருமே அந்த வெள்ளைப் பூசணம், முயல்ரோமம் மாதிரி படர்ந்தது. அடியிலிருந்து சளி மாதிரி இழை இழையாக இறங்கி, விழவும் செய்யாமல் ஏறவும் செய்யாமல் ஊசலாடிக்கொண்டிருந்தது. காக்கை ஒன்று பறந்துபோய்க் கொத்திப் பார்த்தது. காக்கை, அது எதையெல்லாம் தின்கிற ஜென்மம், அது திரும்பி வந்து வேலமரத்தில் அலகைத் தேய் தேய் என்று தேய்த்துவிட்டு, ஊரைவிட்டே போய்விட்டது. ஈக்கள் கீழேயிருந்து மேலே பறந்தன, எங்கள் பலகாரத்தைக்கூட மதிக்கவில்லை.

அதையும் பழகிக்கொண்டோம் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் குமட்டுவது. மேகம் குமட்டியதைவிட அது குமட்டுகிறது. மூக்கில் கற்பூரப் பஞ்சை வைத்துக்கொண்டு பலகாரம் விற்றோம். டவுனிலிருந்து வந்த ஒரு அம்மாள், "இது என்ன ஸ்மெல்?" என்று கேட்க, கொம்பையா கொஞ்சமும் கூசாமல், "மேகவாசனைம்மா, நெஞ்சுச்சளிக்கு நல்லது, நல்லா உள்ள இழுங்க" என்றான். அந்த அம்மாளும் இழுத்தாள். இழுத்தவளை நாலு பேர் பிடித்துக் காரில் ஏற்றினோம். கல்யாண மாப்பிள்ளைகள் வேலமரத்துக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, மல்லிகைப்பூவில் முகத்தைப் புதைத்து நின்ற பெண்ணின் தோளில் கைபோட்டுச் சிரித்தார்கள். மரத்துக்குப் பின்னால் வாந்தி, மரத்துக்கு முன்னால் சிரிப்பு. யாராவது மூக்கைச் சுளித்தால் பால்வண்ணம் சொல்வான், "அதனால என்ன, படத்துல நாத்தம் தெரியாதுல்லா?" அது அப்படியே ஊர்ப்பேச்சாகிவிட்டது. குழம்பு ஊசிப்போய்விட்டது என்று புருஷன் தட்டைத் தள்ளினால் பெண்டாட்டி, "படத்துல நாத்தம் தெரியாது, தின்னும்" என்றாள். கொம்பையா மகன் யாரையோ ஏமாற்றிவிட்டு வந்தபோதும் கொம்பையா அதைத்தான் சொன்னான்.

குருவம்மாள் ஒரு நாள் கடித்த மணி, பல்லுக்கடியில் நெறுநெறுவென்று மாவாகிவிட்டது. உள்ளே வண்டு. அவள் அதைத் துப்பவில்லை. அப்படியே நடு நிலத்தில் நின்று அண்ணாந்து, "ஆச்சு!" என்று கத்தினாள். "ஏ மேகமே, ஆச்சு! மூச்சு விடலாம்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

மேகம் கழுத்தை அசைக்காமல் ஒரு ஓரத்தை மட்டும் அவள் பக்கம் லேசாகத் திருப்பிப் பார்த்தது. பிறகு, படம் எடுக்கும்போது பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டால் கல்யாணப்பெண் திரும்புவாளா, அந்தமாதிரி மறுபடி முன்னால் பார்த்து நின்றுகொண்டது. பிடிக்கச் சொன்னவன்தான் விடச் சொல்ல வேண்டும். மேகத்துக்குத் தெரிந்த அந்த முறை எங்கள் யாருக்கும் தோன்றவில்லை பாருங்கள்.

அவள் நேரே வரப்புக்குப் போனாள். பால்வண்ணம் அங்கேதான் நாற்காலி போட்டு, மேகம் பின்னால் தெரிய ஆட்களை உட்காரவைத்து எடுத்துக்கொண்டிருந்தான். ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. வாய்க்குள் வெற்றிலையை அடக்கிக்கொண்டு, கையைக் காட்டினால் தயார், கட்டைவிரலைத் தூக்கினால் முடிந்தது. அதைப் பார்த்ததும் குருவம்மாளுக்குப் புரிந்துவிட்டது, இவனுக்குத் தெரியும்.

"அண்ணாச்சி, அத மூச்சு விடச் சொல்லுங்க."

பால்வண்ணம் வெற்றிலையைத் துப்பினான். "எத தாயி?"

"முழிக்காதீங்க. செத்துக் கிடந்த எங்க வீட்டுக்காரருக்கே ஆச்சு சொன்ன வாய்தான இது?"

"சொல்லுதேன். சொல்லமாட்டேன்னா சொன்னேன்? தீபாவளி கழியட்டும்."

"தீபாவளி கழிஞ்சா எம் வெத முளைக்குமா? உள்ள வண்டு விழுந்திட்டு அண்ணாச்சி."

கொம்பையா டீ ஆற்றிக்கொண்டே குறுக்கே விழுந்தான். "ஏ குருவு, ஊரே ரெண்டு நேரம் நல்லாத் திங்குது, ஒனக்கு மட்டும் மழை வேணுமாக்கும்? மழை பேஞ்சா இந்தக் கூட்டம் வருமா? நெலத்த எங்கிட்ட விடு, கார் நிறுத்த எடம் பத்தல. ஒன்னையும் ஒம் மகளையும் பஸ் ஏத்தி விடுதேன்."

"மாமோவ், ஒம்ம டீயில மேகத்து எழ ஒண்ணு விழுந்து கெடக்கு, பாத்துக் குடியும்" என்றாள் குருவம்மாள்.

உண்மையிலேயே விழுந்து கிடந்தது. கொம்பையா விரலால் எடுத்துச் சுண்டிவிட்டு, அதே டீயை ஒரு மாப்பிள்ளைக்குக் கொடுத்தான்.

மறுநாள் குருவம்மாள் தலைகுளித்து, கல்யாணச் சேலையை உடுத்திக்கொண்டு வந்து, பால்வண்ணத்தின் நாற்காலிக்கு முன்னால் வரிசையில் நின்றாள். அவள் முறை வந்ததும் உட்கார்ந்தாள்.

"என்ன தாயி?"

"ஒரு போட்டோ எடுங்க அண்ணாச்சி. நாளைக்கி எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா மால போட எம் மகளுக்கு ஒரு படம் வேணும்லா."

மாலை போடுகிற படத்துக்கு மாட்டேன் என்று சொல்லுகிற போட்டோக்காரன் எங்கள் பக்கம் கிடையாது. சொன்னால் கை விளங்காது என்பார்கள். பால்வண்ணம் கையைக் காட்டினான், தயார்.

"ஊமைப்படம் எனக்கு வேண்டாம். அவருக்கு எடுத்தாப்ல முறையாச் சொல்லி எடுங்க. அவரு பக்கத்துல மாட்டுத படம்."

பால்வண்ணம் மேலே பார்த்தான். கொம்பையாவைப் பார்த்தான். முதல் பாதியைச் சொல்வதில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்திருப்பான் போலிருக்கிறது. வெகுநாளாக அடக்கி வைத்திருந்த பாட்டு, வாய்க்குள் தானாகவே ஊறி வந்தது.

"தாடைய லேசா இறக்கு தாயி... இடது தோள் முன்னால... சிரிச்ச முகமா... மூச்சப் பிடிச்சுக்க... ஆடாத..."

குருவம்மாள் கன்னம் உப்ப மூச்சை இழுத்துப் பிடித்தாள். பொத்தான் சத்தம் கேட்டது. பால்வண்ணம் வாயை இறுக்கி மூடிக்கொண்டு கட்டைவிரலைத் தூக்கினான்.

குருவம்மாள் மூச்சு விடவில்லை.

அவன் இன்னொரு கட்டைவிரலையும் தூக்கினான். அவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அவன் எழுந்திரு என்று சைகை காட்டினான். நாற்காலியின் கைப்பிடியை அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள். கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது, சிவந்த முகம் மேகத்தின் நிறத்துக்கு வந்து, அதையும் தாண்டிக் கறுக்க ஆரம்பித்தது. அப்போதுதான் ஊருக்கு விளங்கியது.

"வே பால்வண்ணம், வாயத் தொறந்திராதீரும்!" என்று கொம்பையா கத்தினான். "அவளா விடுவா. மூச்சு முட்டுனா யாரும் விட்டுத்தான ஆகணும்!"

அவள் விடவில்லை. மகள் ஓடிவந்து, "எம்மா, விடும்மா, திருப்பூருக்கே போவோம்மா" என்று உலுக்கினாள். அதற்கும் விடவில்லை. சுற்றி நின்ற ஜோடிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆளுக்கொரு போனைத் தூக்கினார்கள். "ஐயோ, அந்தக் கலரப் பாரு, மேகமும் அவங்க முகமும் ஒரே கலர்" என்று ஒருத்தி சொன்னாள். நல்ல இடம் பிடிக்க முண்டினார்கள். எங்கள் ஊர்க்காரர்களும் எடுத்தார்கள். அத்தனை நாள் அந்த நாற்றத்துக்குக் கீழே இருந்த எனக்கு அப்போதுதான் முதல் தடவையாக வாந்தி வந்தது.

குருவம்மாளின் கண் மேலே செருகியது. நாற்காலிக் கைப்பிடியிலிருந்து ஒரு கை நழுவியது. பால்வண்ணம் மூச்சைப் பிடிக்கச் சொல்லி, விடச் சொல்லாமல் விட்ட மனுஷ உயிர் இதுவரைக்கும் ஒன்றுகூட இல்லை.

"ஆச்சு தாயி!" என்று அலறினான். "ஆச்சு, ஆச்சு! மூச்சு விடு, மூச்சு விடலாம்!"

குருவம்மாள் விட்டாள். மேகமும் விட்டது.

அதை மழை என்று சொன்னால் மழை என்னை மன்னிக்காது. முதலில் ஒரு காற்று வந்தது, ஊரிலிருந்த அத்தனை பஞ்சும் மூக்கைவிட்டுத் தெறித்து ஓடின. தொண்டையில் நின்ற இடி பெரிய ஏப்பமாக வெளியே வந்தது. பிறகு கொட்டியது: கொழகொழவென்று, பச்சையும் மஞ்சளுமாக, இழையும் பூசணமும் செத்த ஈயுமாக, பொத்துப் பொத்தென்று கொட்டியது. போனைத் தூக்கிப் பிடித்து, வாயைப் பிளந்து அண்ணாந்து நின்றவர்கள், பிளந்த வாயை மூட மறந்தார்கள். பட்டுச்சேலை, ஷெர்வாணி, மசாலாப்பொரி, பாய்லர், குளிப்பாட்டிய ஆட்டுக்குட்டி ஒன்றும் பாக்கியில்லை. மேகச் சக்கரவர்த்தியின் ஃபிளெக்ஸ் கிழிந்து பறந்து வந்து கொம்பையாவின் தலையில் போர்த்திக்கொண்டது, உள்ளே அவன் பேசிய பேச்சை எழுத முடியாது. கார்கள் வழுக்கிக்கொண்டே ஓடின. குருவம்மாள் மட்டும் நாற்காலியிலேயே கிடந்து, மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு, இமையில் வழிந்த பாசியை வழித்து எறிந்துவிட்டு, உள்ளங்கையை நீட்டினாள். கொட்டக் கொட்ட, எங்கோ உயரத்திலிருந்து கடைசியில் நல்ல தண்ணீர் வந்தது, பொழுது உண்மையாகவே சாய்ந்தது.

முளைத்தது. எறும்பும் வண்டும் போக மிச்சமிருந்தது, அந்த அழுகல் அத்தனையையும் உரமாகத் தின்று, ஆள் உயரத்துக்கு மேலே வளர்ந்து கதிர் தள்ளியது. சோளத்தில் கொஞ்சம் வாடை இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். கொம்பையா சோளக்காட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "நாறினாலும் உரச்செலவு மிச்சம்" என்றான், எல்லாம் தன் ஏற்பாடு என்கிறமாதிரி.

தை முடிந்து குருவம்மாள் ஒரு பை சோளத்தை எடுத்துக்கொண்டு படத்தை வாங்க ஸ்டூடியோவுக்குப் போனாள். பஸ்ஸுக்கு நின்றிருந்த நானும் கூடப் போனேன். பால்வண்ணம் படத்தைக் கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்து வைத்திருந்தான். பின்னால் சிவந்த மேகம், முன்னால் கன்னம் உப்பி, கண் பிதுங்கிக் குருவம்மாள்.

அவள் படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இவ இன்னும் பிடிச்சுக்கிட்டுல்லா இருக்கா. இவளுக்கும் ஒரு வார்த்த சொல்லிருங்க."

பால்வண்ணம் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, படத்துக்குப் பக்கத்தில் குனிந்து, மெதுவாக, "ஆச்சு தாயி, மூச்சு விடலாம்" என்றான்.

படத்திலிருந்தவளின் கன்னம் வற்றியது. கண்ணாடி உள்பக்கமாகப் பனித்தது. அந்தப் பனிப்பு சட்டத்தின் இடுக்கு வழியாகக் கசிந்து வெளியே வந்ததும், பால்வண்ணம் ரெண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினான். ஐப்பசியில் பிடித்து வைத்த மூச்சு அல்லவா, ஒத்தவேலம்பட்டியின் அத்தனை நாற்றமும் அதில் பத்திரமாக இருந்தது.

குருவம்மாள் படத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். தெருவோரச் சாக்கடை மேல் குனிந்து ஓங்கரித்துக்கொண்டிருந்தவனின் முதுகை நன்றாகத் தட்டிக்கொடுத்தாள்.

"படத்துல நாத்தம் தெரியாதுன்னீங்களே அண்ணாச்சி."